கண்ணாடி தொடாத படம்

தமிழ்நாட்டு வீடுகளின் முன்கூடத்தில், தலைக்கு மேலே, படங்கள் ஒரே வரிசையில் தொங்குவது வழக்கம். முருகன், லட்சுமி, வெங்கடாசலபதி என்று தொடங்கும் அந்த வரிசை தாத்தா, பாட்டி, மணக்கோலத்தில் அப்பா அம்மா, பட்டமளிப்பு அங்கியில் மூத்த மகன் என்று நீளும். சாமிக்கும் ஆசாமிக்கும் ஒரே பீடிங், ஒரே கண்ணாடி, ஒரே கடை. இந்த ஒற்றுமை தற்செயலாக வந்ததில்லை. அச்சடித்த சாமி படத்துக்கென்று உருவான சட்டமுறையை நாம் அப்படியே புகைப்படத்துக்கும் எடுத்துக்கொண்டோம். அப்படி எடுத்துக்கொண்டபோது, புகைப்படம் பிறந்த பத்தாண்டிலேயே அதற்கென்று வகுக்கப்பட்டிருந்த ஓர் ஏற்பாடு விடுபட்டுப்போயிற்று. படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே அட்டையில் ஜன்னல்போல வெட்டி வைக்கும் மவுன்ட்தான் அது. இன்று அதை அழகுக்கு வைக்கும் வெள்ளை ஓரம் என்றே பலரும் நினைக்கிறார்கள். காசு மிச்சப்படுத்த வேண்டுமென்றால் முதலில் கழித்துவிடுவதும் அதைத்தான். வரலாற்றைப் பார்த்தால், அழகு அதற்குப் பின்னால் வந்து சேர்ந்த வேலை என்பதும், காப்பதுதான் முதல் வேலை என்பதும் தெரியும்.

1839இல் பாரிஸில் டாகுரே தன் புகைப்பட முறையை வெளியிட்டபோது, படம் காகிதத்தில் இல்லை. வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் இருந்தது. பாதரச ஆவி பட்டு உருவான நுண்துகள்களே அதன் உருவம். விரலால் ஒருமுறை தடவினால் முகம் போய்விடும். கண்ணாடியை நேரே அதன்மேல் வைத்தாலும் உரசி அழியும். ஆகவே தகட்டின்மேல் நடுவில் திறப்புள்ள மெல்லிய பித்தளைத் தகடு ஒன்றை வைத்து, அதன்மேல் கண்ணாடியை வைத்து, நான்கு ஓரங்களையும் காகிதப் பட்டையால் காற்றுப் புகாமல் ஒட்டினார்கள். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இந்த அடுக்கு தோல் உறையிட்ட சிறு பெட்டிக்குள் போயிற்று; பிரான்சில் சுவரில் மாட்டும் சட்டத்துக்குள் போயிற்று. பித்தளையில் நீள்வட்டத் திறப்பும் பூவேலையும் வந்தது பிறகுதான். அந்தத் தகடு இல்லாவிட்டால் படமே மிஞ்சாது என்ற நிலையில், அதை அலங்காரம் என்று யாரும் சொல்லியிருக்க முடியாது. புகைப்படத்தின் முதல் மவுன்ட், கண்ணாடியைத் தள்ளி நிறுத்துவதற்காகவே வந்தது.

காகிதத்தில் வரைந்த சித்திரங்களைச் சேகரித்தவர்களுக்கு இந்த அறிவு அதற்கு முன்பே இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டுப் பாரிஸில் வாழ்ந்த சேகரிப்பாளர் பியேர் ழான் மரியெத், தன்னிடமிருந்த சித்திரங்களை நீல அட்டையில் பொன்கோடு இழுத்து ஒட்டிவைத்தார். எடுத்துப் பார்ப்பவரின் கை அட்டையில் படும், சித்திரத்தில் படாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் மியூசியம் போன்ற இடங்களில், சித்திரம் அட்டையின் திறப்புக்குள் சற்றுத் தாழ்ந்து கிடக்கும்படி வைக்கும் முறை நிலைபெற்றது. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலும் சித்திரங்கள் உரசிக்கொள்ளாது. காகிதத்தில் புகைப்படம் வந்தபோது இன்னொரு தேவையும் சேர்ந்தது. 1850களில் பரவிய முட்டைவெண்கருக் காகிதம் மிக மெல்லியது, காய்ந்ததும் சுருளும். எனவே அதைக் கெட்டி அட்டையில் ஒட்டியே ஆகவேண்டும். சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரரான லின்னேயஸ் டிரைப் மதுரையையும் தஞ்சையையும் எடுத்து 1858இல் வெளியான படங்கள், அகன்ற ஓரமுள்ள அட்டைகளில் ஒட்டப்பட்டவை. அடுத்து வந்த கேபினட் அட்டை எனப்படும் ஸ்டூடியோ உருவப்படங்கள் ஏறத்தாழ நாலேகால் அங்குலத்துக்கு ஆறரை அங்குலம். கீழே ஸ்டூடியோவின் பெயர் பொன்னெழுத்தில் இருக்கும். பெரிதாக்கிய படங்களுக்கு நீள்வட்டமாக வெட்டிய அட்டையை மேலே வைத்துக் கண்ணாடி போட்டார்கள். காகிதம் மெல்லியதாக இருந்தவரை, அட்டையும் படமும் பிரியாமல் இருந்தன.

நம் வீட்டுச் சுவருக்குக் கண்ணாடிச் சட்டம் வந்த வழி வேறு. ரவி வர்மா 1894இல் பம்பாயில் அச்சகம் தொடங்கினார். அதன் பிறகு லட்சுமியும் சரஸ்வதியும் கல்லச்சில் பல வண்ணத்தில் அச்சாகி, சாதாரணக் குடும்பங்களும் வாங்கும் விலையில் கிடைத்தார்கள். இருபதாம் நூற்றாண்டில் சிவகாசி அச்சகங்கள் இந்த ஓட்டத்தைப் பன்மடங்காக்கின. கோவில்பட்டி கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் வரைந்த முருகனும் மீனாட்சியும் காலண்டர்களாக ஊர் ஊராகப் போயின. ஆண்டு முடிந்ததும் தேதித்தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, படத்தை மட்டும் வெட்டிக் கண்ணாடி போடுவது பல வீடுகளின் வழக்கமாயிற்று. இந்தச் சட்டத்துக்கு இருந்த வேலை, பார்ப்பதற்கு மட்டுமான படத்துக்கு இல்லாதது. தினமும் சந்தனமும் குங்குமமும் வைக்க வேண்டும். பூச்சரம் போட வேண்டும். ஊதுபத்திப் புகையும் கற்பூரக் கரியும் எண்ணெய்ப் பிசுக்கும் படியும். வெள்ளிக்கிழமை ஈரத்துணியால் துடைக்க வேண்டும். பொட்டு விழுவது தெய்வத்தின் நெற்றியில். அதைத் தாங்குவது கண்ணாடி. வெள்ளை அட்டையை நடுவில் வைத்தால் தெய்வம் விலகிப்போகும், படம் சிறுக்கும், செலவும் கூடும். சாமி படத்துக்கு மவுன்ட் தேவையில்லை என்று நம் கடைக்காரர்கள் முடிவு செய்தது மிகச் சரியான முடிவு.

அதே சுவருக்குப் புகைப்படம் வந்தபோதுதான் சிக்கல் தொடங்கியது. இறந்தவரின் படத்துக்கு மாலை போட்டுப் பொட்டு வைப்பது பரவியபோது, முன்னோர் படமும் பூஜைக்குரிய பொருளாயிற்று. ஊர்த் திருவிழாவில் எடுத்த குரூப் போட்டோவிலிருந்து ஒரு முகத்தைத் தனியே எடுத்துப் பெரிதாக்கி, தோளையும் துண்டையும் கையால் திருத்தி வரைந்து கொடுப்பது ஸ்டூடியோக்காரர்களின் வழக்கமான வேலைகளில் ஒன்று. காரியத்துக்குள் படம் வேண்டும் என்று வந்து நிற்பார்கள். ஸ்டூடியோவிலிருந்து படம் நேரே பிரேம் கடைக்குப் போகும். அங்கே நடப்பது சாமி படத்துக்கு நடப்பதேதான். கடைக்காரர் கண்ணாடியை அளந்து வெட்டுமுனையால் ஒரு கீறு கீறி மேஜை விளிம்பில் வைத்து ஒடிப்பார். பீடிங்கை நாற்பத்தைந்து டிகிரிச் சாய்வில் அறுத்து மூலைக்கு மூலை ஆணி அடிப்பார். சட்டத்தைக் குப்புறப் போட்டுக் கண்ணாடி, அதன்மேல் படம், அதன்மேல் ஹார்ட்போர்டு என்று அடுக்கி, படம் நகராமலிருக்கச் சிற்றாணிகளை இறுக்கமாகச் சாய்த்து அடித்து, பழுப்புக் காகிதத்தைப் பசை தடவி ஒட்டிவிடுவார். எவ்வளவு இறுக்கமாக இருக்கிறதோ அவ்வளவு நல்ல வேலை என்பது தொழிலின் அளவுகோல். அச்சுப் படத்துக்கு அந்த அளவுகோல் பொருந்தும்.

புகைப்படத்துக்கு ஏன் பொருந்தாது என்பதற்குச் சான்று ஸ்டூடியோவின் இருட்டறைக்குள்ளேயே இருக்கிறது. அச்சு மை எண்ணெய் சேர்ந்தது. காய்ந்தபின் ஈரம் பட்டு இளகாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து பரவிய புகைப்படக் காகிதத்திலோ உருவம் ஜெலட்டின் என்ற பசைப்படலத்துக்குள் இருக்கிறது. ஈரம் பட்டால் ஜெலட்டின் உப்பும், இளகும், ஒட்டும். காய்ந்தால் எதன்மேல் இருக்கிறதோ அதன் வழவழப்பை வாங்கிக்கொண்டு இறுகும். இதை ஸ்டூடியோக்காரர்கள் தெரிந்தே பயன்படுத்தினார்கள். கழுவிய ஈரப் படத்தைப் பளபளப்பான தகட்டிலோ கண்ணாடியிலோ முகம் படிய ஒட்டி, உருளையால் நீரைப் பிழிந்து காயவிடுவார்கள். காய்ந்ததும் படம் மினுமினுப்போடு தானாகக் கழன்று வரும். அதற்குத்தான் கிளேசிங் என்று பெயர். தகடு துளி அழுக்கில்லாமல் துலக்கப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் படம் ஒட்டிக்கொண்டு கிழியும். அதே கிளேசிங் நம் முன்கூடத்துச் சுவரில், யாரும் பார்க்காமல், ஒவ்வொரு ஐப்பசி கார்த்திகையிலும் மெதுவாக நடக்கிறது. சுவர் ஓதம் சட்டத்தின் பின்புறத்தில் ஏறுகிறது. பகலில் சூடேறி இரவில் குளிரும்போது கண்ணாடியின் உட்புறத்தில் ஈரம் படிகிறது. ஜெலட்டின் இளகி ஒட்டுகிறது. தை பிறந்து காற்று உலரும்போது அது இறுகிவிடுகிறது. பிரேம் கடைக் கண்ணாடியைக் கிளேசிங் தகடுபோல யாரும் துலக்கி வைப்பதில்லை. ஆகவே அது கழன்று வருவதில்லை.

நூறாண்டுப் படங்கள் கண்ணாடியோடு ஒட்டிய நிலையிலும் நன்றாகத்தானே இருக்கின்றன என்று கேட்கலாம். செட்டிநாட்டு வளவு வீடுகளில் வரிசையாகத் தொங்கும் மூதாதையர் படங்களைக் காட்டலாம். இதற்குச் சொல்ல மூன்று உண்டு. உயர்ந்த கூரையும் காற்றோட்டமும் தடித்த உட்சுவரும் கொண்ட அந்தக் கூடங்கள் சராசரி வீட்டின் நிலைமையைக் காட்டுவதில்லை. அவற்றில் பல படங்கள் அட்டைத் திறப்போடு சட்டமிடப்பட்டவை, அல்லது புகைப்படத்தின் மேல் வண்ணம் தீட்டப்பட்டவை. எல்லாவற்றையும்விட முக்கியமானது, ஒட்டிக்கொண்ட படம் கண்ணாடி வழியாகப் பார்க்கும்போது குறையில்லாததுபோலவே தெரியும் என்பது. ஓரிடத்தில் ஈரம் தேங்கியதுபோன்ற மினுமினுப்பு, சாய்த்துப் பார்த்தால் ஒரு கருந்திட்டு, அவ்வளவுதான். கண்ணாடி உடைந்தோ, பிரதி எடுக்கவென்று சட்டத்தைப் பிரித்தோ படத்தைத் தூக்கும்போதுதான் கன்னமும் நெற்றியும் கண்ணாடியோடு போய்விடுவது தெரியும். சுவரில் தொங்குகிறது என்பதை வைத்துப் பிழைத்தது என்று கணக்கிட முடியாது. தஞ்சாவூர் ஓவியங்களை எதிர்ச்சான்றாகக் காட்டுவதும் இதேபோல்தான். அவையும் மவுன்ட் இல்லாமல் கண்ணாடி போட்டவையே. ஆனால் பலகையில் துணி ஒட்டி, சுண்ணப்பொடியைப் பசையில் குழைத்து மேடு எழுப்பி, கல் பதித்துப் பொன்தாள் ஒட்டிய அந்த ஓவியம் தட்டையானதன்று. கண்ணாடியை அதன்மேல் அழுத்தினால் வேலைப்பாடு நசுங்கும் என்பதால் ஆழமான சட்டமே போட்டார்கள். இடைவெளியின் அவசியத்தை நம் கைவினைஞர்கள் அறிந்திருந்தார்கள் என்பதற்குத்தான் தஞ்சாவூர் ஓவியம் சான்றாகிறது.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. ஐரோப்பாவிலும் மலிவான சட்டங்களில் படத்தைக் கண்ணாடியோடு ஒட்டவைத்துத்தான் விற்றார்கள். மேஜைமேல் நிறுத்தும் சட்டங்கள் உலகம் முழுவதும் அப்படித்தான். ஆக, மவுன்ட் மறைந்ததற்குச் சாமி படத்தைக் காரணம் காட்டுவது பொருந்துமா? ஒரு பகுதி பொருந்தாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். காகிதம் தடித்ததும், 1970கள் முதல் பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதம் பரவியதும், படம் சுருளாமல் நிற்கத் தொடங்கியதும் எல்லா நாட்டுக்கும் பொது. சுருளாத படத்துக்கு அட்டை எதற்கு என்ற கேள்வி எல்லா ஊரிலும் எழுந்தது. ஆனால் அங்கே அந்தக் கேள்விக்கு மறுமொழி சொல்ல மியூசியங்களும் சித்திரச் சேகரிப்பாளர்களும் அவர்களுக்கு வேலை செய்த சட்டக்காரர்களும் இருந்தார்கள். மலிவு முறைக்குப் பக்கத்திலேயே பழைய முறையும் தொடர்ந்தது. இங்கே டிரைப் காலத்து அட்டைப் படங்கள் அரசாங்க அலமாரிகளுக்குள் இருந்தன. தெருமுனைக் கடைக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. கடைக்காரரின் முன்னால் இருந்த ஒரே மாதிரி, சாமி படம். எண்பதுகளில் கலர் லேப்கள் பெருகிக் கல்யாணப் படங்கள் குவிந்தபோது, ஸ்டூடியோ அட்டை என்ற கடைசிக் கண்ணியும் அறுந்து, அந்த மாதிரி மட்டுமே மிஞ்சியது. போதாததற்குப் பிளாஸ்டிக் பூச்சுக் காகிதத்தில் ஈரம் பின்பக்கமாக எளிதில் வெளியேறாது. வெயிலும் மழையும் நம்முடையவை என்பதால், அங்கே மெதுவாக நேர்வது இங்கே விரைந்து நேர்கிறது.

மவுன்டே படத்தைக் கெடுக்கும் என்று சொல்பவர்களும் உண்டு. அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. மரக்கூழில் செய்த மலிவு அட்டையில் லிக்னின் இருக்கும். ஆண்டுகள் போகப்போக அது அமிலமாகும். பழைய சட்டங்களைப் பிரித்தால் ஜன்னல் வெட்டின் சாய்ந்த ஓரம் தேயிலை நிறத்தில் பழுத்திருப்பதையும், அந்த விளிம்பு தொட்ட இடமெல்லாம் படத்தில் பழுப்புக் கோடு விழுந்திருப்பதையும் காணலாம். காகிதம் நொறுங்குவதில் அமிலத்துக்கு உள்ள பங்கை 1950களில் அமெரிக்காவில் வில்லியம் பாரோ செய்த ஆய்வுகள் எடுத்துக்காட்டின. அதன் பிறகே பருத்திக் கூழ் அட்டையும் அமிலம் நீக்கிய அட்டையும் சட்டக்காரர்களின் பொதுப் பொருளாயின. புகைப்படத்தோடு சேரும் அட்டையும் பசையும் அதைக் கெடுக்குமா என்று பார்க்க இன்று சர்வதேசத் தரச்சோதனை ஒன்றும் இருக்கிறது. ஆகவே அட்டையின் மீதான குற்றச்சாட்டு தரம் பற்றியது, இடைவெளி பற்றியதன்று. நல்ல அட்டை கிடைக்காத இடத்தில் கெட்ட அட்டையை வைப்பதைவிட, சட்டத்தின் உதட்டுக்குள் மறையும்படி கண்ணாடியின் நான்கு ஓரங்களிலும் மெல்லிய பிளாஸ்டிக் பட்டையை ஒட்டி இடைவெளி தருவது மேல்.

இந்தப் பட்டை இன்னொரு மறுப்புக்கும் விடையாகிறது. வெள்ளை ஓரம் காட்சிக்கூடத்து நாகரிகம், தாத்தாவின் முகத்தைச் சுற்றி நான்கு அங்குல வெறுமை எதற்கு என்று கேட்பவர்களை ரசனை இல்லாதவர்கள் என்று தள்ளிவிட முடியாது. நியூயார்க் நவீனக் கலைக்கூடம் 1940இல் புகைப்படத்துக்குத் தனித்துறை தொடங்கியது. வெள்ளை மவுன்டும் மெல்லிய சட்டமும் புகைப்படம் கலை என்பதன் சீருடையாக மாறியதில் இத்தகைய காட்சிக்கூடங்களுக்குப் பங்குண்டு. ஆனால் அதே கலைக்கூடத்தில் 1955இல் எட்வர்ட் ஸ்டைக்கன் நடத்திய ‘மனிதக் குடும்பம்’ கண்காட்சியின் 503 படங்களும் மவுன்டும் சட்டமும் இல்லாமல் பலகைகளில் விளிம்புவரை ஒட்டப்பட்டிருந்தன. வெள்ளை ஓரத்துக்கு நிரந்தர அதிகாரம் எதுவும் இல்லை. அகலமும் நிறமும் வீட்டாரின் விருப்பம். மாலை போடும் படத்தில் முகம் பெரிதாக இருக்கவேண்டும் என்பது நியாயமான விருப்பம். ஓரமே இல்லாமல், பட்டை மட்டும் வைத்தாலும் படம் பிழைக்கும். விட்டுக்கொடுக்க முடியாதது ஒன்றரை மில்லிமீட்டர் காற்று மட்டுமே.

வீட்டிலேயே இதைச் செய்பவர்கள் நினைவில் வைக்க வேண்டியவை இந்த வரலாற்றிலிருந்தே கிடைக்கின்றன. முட்டைவெண்கருக் காகிதத்தை முழுதாக ஒட்டியது அது சுருளும் என்பதால். இன்றைய படத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பின்னட்டையில் முழுப் பசை தடவாமல், மேல் விளிம்பில் இரண்டு இடத்தில் மெல்லிய நார்க்காகிதத்தைக் கோதுமை மாவுப் பசையால் கீல்போல ஒட்டித் தொங்கவிட்டால், படம் பருவத்துக்கேற்ப விரிந்து சுருங்க இடமிருக்கும். பசை பிடிக்காதவர்கள் மூலைக்கு ஒரு காகிதப் பை வைக்கலாம். ஜன்னலைப் படத்தைவிடச் சில மில்லிமீட்டர் சிறிதாக வெட்ட வேண்டும். சட்டத்தின் பின்பக்கக் கீழ் மூலைகளில் தக்கைத் துண்டு ஒட்டினால் ஓதம் நேரே ஏறாது. பழைய வீடுகளில் படத்தின் அடிப்பகுதியைச் சுவரோடு சேர்த்து, மேல்பகுதியைக் கயிற்றால் முன்னோக்கிச் சாய்த்து மாட்டிய முறையும் இந்த வேலையைச் செய்தது. அண்ணாந்து பார்ப்பவருக்கு முகம் தெரிவதற்காகவே அப்படிச் சாய்த்திருப்பார்கள். ஆனாலும் படத்தின் முதுகுக்குக் காற்று கிடைத்தது. அந்த இடுக்கில் சிட்டுக்குருவி கூடு கட்டி வைக்கோல் உதிர்ப்பதையும் வீட்டார் பொறுத்துக்கொண்டார்கள். சுவரோடு சப்பையாக ஒட்டி மாட்டும் இன்றைய முறை அந்தக் காற்றையும் எடுத்துவிட்டது.

கையில் கைபேசி இருக்கும்போது சுவர்ப் படத்துக்கு இவ்வளவு கவலை எதற்கு என்பது கடைசிக் கேள்வி. புதிதாக எடுக்கும் படங்களைப் பொறுத்தவரை அது சரியான கேள்வியே; கெட்டால் இன்னொன்று அச்சிட்டுக்கொள்ளலாம். பழைய படங்களின் நிலை வேறு. ஸ்டூடியோக்கள் மூடப்பட்டபோது கண்ணாடி நெகட்டிவ்கள் பழைய கண்ணாடியாகவும், பிலிம்கள் வெள்ளிக்காகவும் கழிந்துபோயின. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் போன்றவை தமிழகத்துப் பழைய ஸ்டூடியோப் படங்களைத் தேடி மின்னுருவாக்க முனைந்திருக்கின்றன. ஆனால் எந்த நிறுவனத்தின் கையும் எட்டாத படங்கள் வீட்டுச் சுவர்களில்தான் இருக்கின்றன. நெகட்டிவ் இல்லாத நிலையில் அந்தப் படியே மூலம். அதை ஒரு தடவையாவது பிரித்துப் பார்ப்பது நல்லது. கழன்று வந்தால், மவுன்டோ பட்டையோ வைத்துத் திரும்பச் சட்டமிடலாம். ஒட்டியிருந்தால் இழுக்கக் கூடாது, தண்ணீரில் ஊறவைக்கவும் கூடாது. கண்ணாடியோடு சேர்த்தே நல்ல வெளிச்சத்தில் படமெடுத்துக்கொண்டு, கண்ணாடியையும் படத்தின் ஒரு பகுதியாகவே வைத்துக் காப்பாற்ற வேண்டும். பிரேம் கடைக்காரரைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. நூறாண்டாக நாம் கேட்டதை அவர் செய்து தந்தார். ஆர்டர் கொடுக்கும்போது இது சாமி படமா, போட்டோவா என்று பிரித்துச் சொல்லி, போட்டோ என்றால் கண்ணாடி தொடாமல் போடச் சொல்வது நம் பொறுப்பு. கேட்டால் செய்து தருவதற்கு அவரிடம் அட்டையும் கத்தியும் எப்போதும் இருக்கின்றன.